முதலில் நிற்கட்டும், பிறகு ஓடட்டும்

வாசகர் கேள்வி – பதில்

நீலகிரியிலிருந்தும் பழனி மலையிலிருந்தும் பழைய ஜீப் பற்றி வந்த கடிதங்களை மட்டும் இந்த இதழுக்கு எடுத்திருக்கிறோம். பல கடிதங்கள் ஒரே கேள்வியைக் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துச் சுருக்கியுள்ளோம்.

தாத்தா காலமாகி, அவருடைய 1968 மாடல் மஹிந்திரா சி.ஜே.3பி பெட்ரோல் ஜீப் என் கைக்கு வந்திருக்கிறது. தேயிலைத் தோட்டத்து ஷெட்டில் பதினோரு வருஷமாக நிற்கிறது. எனக்கு ஸ்கூட்டர் பிளக் மாற்றுவதைத் தவிர ஒன்றும் தெரியாது. பக்கத்துப் பட்டறையில், "பாடியை முழுசாப் பிரிச்சுப் போட்டுடலாம் தம்பி, அப்பதான் வேலை சுத்தமா இருக்கும்" என்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?
– கோத்தகிரி வாசகர்

பிரிக்காதீர்கள். முழுசாகப் பிரித்த ஜீப்பில் பாதி, சாக்கு மூட்டையில் போல்ட்டும் நட்டுமாக முடிந்துபோகிறது. எந்த ஷிம் (இடைவெளியைச் சரிக்கட்டும் மெல்லிய தகடு) எந்தப் பக்கத்தில் இருந்தது என்று ஆறு மாதம் கழித்துப் பிரித்தவருக்கே நினைவிருக்காது. புதிதாகக் கற்பவர் ஒரு நேரத்தில் ஒரு பகுதியைக் கழற்றி, சரிசெய்து, மாட்டி முடித்த பிறகே அடுத்ததில் கை வைக்க வேண்டும்.

எல்லோரும் எஞ்சினில் ஆரம்பிப்பார்கள், சத்தம் கேட்க ஆசை. எஞ்சின் பிடித்ததும் ஒரு ரவுண்டு போய்ப் பார்க்கத் தோன்றும். கோத்தகிரியில் அந்த ஒரு ரவுண்டு என்பது ஏதோ ஒரு பக்கம் இறக்கம்தான். ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்: பிரேக், ஸ்டியரிங், எஞ்சின், ஒயரிங், கடைசியில் தகரமும் பெயின்டும்.

பிரேக்கைப் பற்றி விரிவாகவே சொல்கிறோம். இந்த வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே மாஸ்டர் சிலிண்டர், ஒரே சுற்று. இன்றைய கார்களைப் போல முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று இரண்டாகப் பிரித்திருக்காது. எங்கோ ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரத்திலும் பிரேக் இல்லை. போதாததற்கு மாஸ்டர் சிலிண்டர் காலடித் தகட்டுக்குக் கீழே சேற்றுத் தண்ணீர் அடிக்கும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது.

முதல் தடை வீல் நட்டு. வண்டியின் இடது பக்கச் சக்கரங்களில் இருப்பது இடது மரை, அதாவது வழக்கத்துக்கு எதிராகத் திருப்பினால்தான் கழலும். ஸ்டட்டின் முனையைத் துடைத்துப் பார்த்தால் 'எல்' என்ற ஆங்கில எழுத்து தெரியும். இது தெரியாமல் பைப் போட்டு மிதித்து ஸ்டட்டை முறித்த கதை மலையில் எல்லாப் பட்டறையிலும் உண்டு.

முன் சக்கர டிரம், வீல் பேரிங் நட்டைக் கழற்றினால் ஹப்போடு வந்துவிடும். பின் சக்கரம் அப்படி வராது. ஆக்சில் முனை கூம்பாக இருக்கும், ஹப் அதில் சாவி (நழுவாமல் பிடிக்கும் சிறு இரும்புத் துண்டு) போட்டு இறுக்கப்பட்டிருக்கும். அதை இழுத்தெடுக்க நல்ல கனமான புல்லர் வேண்டும். ஆக்சில் நட்டை முழுவதும் கழற்றாமல் நாலைந்து மரை தளர்த்தி விட்டு வையுங்கள். புல்லரை இறுக்கி, அதன் நடு போல்ட்டின் தலையில் சுத்தியலால் ஒரு அடி. வராவிட்டால் இறுக்கத்தோடு இரவு முழுக்க விட்டுவிடுங்கள், காலையில் பெரும்பாலும் தானே விட்டிருக்கும். நட்டு மாட்டியிருந்தால்தான் ஹப் தெறித்து வந்து முழங்காலில் விழாது. டிரம்மின் விளிம்பில் அடித்தால் டிரம் கோணும். திரும்ப மாட்டும்போது கூம்பில் கிரீஸ் வேண்டாம். உலர்ந்த கூம்பில் நட்டை நன்றாக முடுக்க வேண்டும், 150 அடி-பவுண்டுக்குக் குறையாமல். தளர்வாக விட்டால் சாவி அறுந்து, எஞ்சின் சுற்றும், சக்கரம் சுற்றாது.

உள்ளே இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது. அந்தக் காலத்து லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் உண்டு. ஈரத் துணியால் துடைத்துத் துணியைக் கட்டி எறியுங்கள்.

வீல் சிலிண்டர்களைப் பிரித்து உள்சுவரை விரலால் தடவிப் பாருங்கள். குழி தட்டுப்பட்டால் சிலிண்டரையே மாற்றுங்கள். குழிவிழுந்த சுவரில் புது ரப்பர் கிட் போட்டால் ஒரு மாதம் தாங்காது. கடையில் கேட்கும்போது கவனம்: முன் சிலிண்டர் 1 அங்குலம், பின் சிலிண்டர் முக்கால் அங்குலம். "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று நாலும் ஒரே அளவாகக் கொடுப்பார்கள். பின்னாலும் 1 அங்குலம் போட்டால் பின் சக்கரம் முதலில் லாக் ஆகும். மழையில் கொண்டை ஊசி வளைவில் வண்டியின் பின்புறம் சுற்றிக்கொண்டு வருவதற்கு அது ஒன்றே போதும்.

ரப்பர் ஹோஸ்கள் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் எல்லாவற்றையும் மாற்றுங்கள். பழைய ஹோஸ் உள்ளே வீங்கி ஒருவழிக் கதவு போல ஆகிவிடும். மிதித்தால் பிரேக் பிடிக்கும், காலை எடுத்தால் விடாது. பைப்புகள் 3/16 அங்குல இரும்புப் பைப்பாக, முனை இரட்டை மடிப்பாக இருக்க வேண்டும். ஃபிரிட்ஜ் வேலைக்கு விற்கும் செம்புப் பைப்பை வளைத்து ஒற்றை மடிப்பில் மாட்டிக் கொடுப்பது வழக்கமாகிவிட்டது. அதிர்வில் அது மடிப்பில்தான் விரிசல் விடும்.

கழுவுவதற்கு பிரேக் ஆயிலோ ஸ்பிரிட்டோ மட்டும். டீசல், மண்ணெண்ணெய், பெட்ரோல் பட்டால் ரப்பர் ஊதிப்போகும். டாட் 3 ஆயில் ஒரு லிட்டர் வாங்கினால் கழுவி நிரப்பிக் காற்றெடுக்க (பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்ற) போதும், சீல் பிரிக்காத டின்னாக வாங்குங்கள். இந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். புதிதாக 205 டிகிரி வரை கொதிக்காதது, 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்ததும் 140 டிகிரியிலேயே கொதிக்கும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது டிரம் சூடேறி ஆயில் கொதித்தால் பைப்பில் நீராவி நிற்கும். பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. மலை மூடுபனியில் வருஷம் ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுவது நல்லது.

காற்றெடுக்கும் வரிசை தூரத்திலிருந்து: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. முடித்ததும் பெடலை அழுத்தி ஒரு நிமிஷம் பிடியுங்கள். மெதுவாகக் கீழே இறங்கினால் எங்கோ கசிகிறது. பெடலின் மேல்பக்கம் அரை அங்குலம் சும்மா ஆட வேண்டும், அதை இறுக்கி எடுத்துவிடாதீர்கள். அந்த ஆட்டம் இல்லாவிட்டால் மாஸ்டர் சிலிண்டரில் ஆயில் திரும்பும் சிறு துளை மூடியே இருக்கும். சூட்டில் ஆயில் விரிந்து, மிதிக்காமலே பிரேக் பிடித்துக்கொள்ளும்.

எஞ்சின் வேலை முடியும்வரை பொறுங்கள். பிறகு சமதளத்தில் 20 கிலோமீட்டர் வேகத்தில் பத்து முறை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு டிரம்மின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அது விடவில்லை, ஒன்று மட்டும் சில்லென்று இருந்தால் அது பிடிக்கவில்லை.

எங்கள் ஜீப் எஞ்சின் ஜாம். கிராங்க் ஹேண்டில் போட்டாலும் அசையவில்லை. "போரிங் போட்டு பிஸ்டன் மாத்தணும்" என்கிறார் மெக்கானிக் அண்ணன். வேறு வழி உண்டா?
– குன்னூர் வாசகி

பார்த்த மாத்திரத்தில் போரிங் என்று சொல்வது அவசரம். இந்த எஃப்-ஹெட் எஞ்சினில் (2.2 லிட்டர், நாலு சிலிண்டர்) காற்று நுழையும் வால்வு மேலே ஹெட்டிலும், புகை வால்வு பக்கவாட்டில் பிளாக்கிலும் இருக்கும். வருஷக்கணக்கில் நின்றால் பிஸ்டன் ரிங் சுவரோடு துருப்பிடிப்பது ஒன்று, வால்வுத் தண்டு கைடில் ஒட்டிக்கொள்வது இன்னொன்று. இரண்டுமே பெரும்பாலும் பொறுமையில் விடும்.

நாலு பிளக்கையும் கழற்றி ஒவ்வொரு துளையிலும் 20 மில்லி ஊற்றுங்கள், பாதி டீசல், பாதி எஞ்சின் ஆயில். மூன்று நாள் சும்மா விடுங்கள். அதற்குள் சம்ப்பை (எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியை) கழற்றிக் கழுவிவிடலாம். இந்த எஞ்சினில் ஆயில் உறிஞ்சும் வாய் ஆயிலின் மேல் மிதக்கும் வகை. அடியில் சேர்ந்த கரிச் சேறு அதை அசையவிடாமல் பிடித்துக்கொண்டால், புது ஆயில் ஊற்றியும் பேரிங்குக்கு ஆயில் போகாது. திரும்ப நிரப்ப ஃபில்டரோடு சேர்த்து ஏறக்குறைய 4.7 லிட்டர்.

பிறகு டாப் கியரில் போட்டு, சமதளத்தில் இரண்டு பேர் வண்டியை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். கயிறு கட்டி இழுப்பது, செல்ஃப் அடிப்பது இரண்டும் கூடாது. ஒட்டிய இன்டேக் வால்வை முரட்டுத்தனமாக இயக்கினால் புஷ் ராடு வளையும். கிராங்க் ஹேண்டிலைப் பிடிக்கும்போது கட்டைவிரலையும் மற்ற விரல்களின் பக்கமே வையுங்கள், கைப்பிடியைச் சுற்றிப் பிடிக்காதீர்கள். எஞ்சின் எதிர்த்து உதைத்தால் முதலில் முறிவது கட்டைவிரல்.

சுற்ற ஆரம்பித்ததும் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) பாருங்கள். இங்கேதான் மலைக்காரர்கள் ஏமாறுகிறார்கள். கம்பெனி புத்தகம் சதுர அங்குலத்துக்கு 120 முதல் 130 பவுண்டு என்கிறது, அது கடல்மட்டக் கணக்கு. குன்னூர் உயரத்தில் காற்றழுத்தமே ஐந்தில் ஒரு பங்கு குறைவு. கேஜில் 95, 100 வந்தால் அது கீழே 120-க்குச் சமம், நல்ல எஞ்சின். கோவையிலிருந்து வந்தவர் 95-ஐப் பார்த்து "ரிங் போச்சு" என்றால் நம்பி ஐம்பதாயிரம் செலவழிக்க வேண்டாம். நாலு சிலிண்டருக்கும் இடையே 10 பவுண்டுக்கு மேல் வித்தியாசம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ஒன்று மட்டும் குறைந்தால் அதில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

புகை வால்வு ஒட்டியிருந்தால் பிளாக்கின் பக்கவாட்டு மூடியைத் திறந்து தண்டில் துருநீக்கி ஆயில் சொட்டு சொட்டாக விட்டு, மரக்குச்சியால் தட்டி இறக்கலாம். ஹெட் கழற்றியே ஆக வேண்டுமென்றால் ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: ஒரு ஹெட் போல்ட் கார்புரேட்டருக்கு அடியில், காற்று போகும் வாய்க்குள் ஒளிந்திருக்கிறது. அதை எடுக்காமல் நெம்பி ஹெட்டை உடைத்தவர்கள் உண்டு. மாட்டும்போதும் அதை மறக்காதீர்கள். முடுக்கம் 60 முதல் 70 அடி-பவுண்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, மூன்று சுற்றில்.

ஸ்டார்ட் செய்யுமுன் அளவுகள்: டாப்பெட் குளிர்ந்த நிலையில் இன்டேக் 18 தவ் (ஒரு தவ் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), எக்ஸாஸ்ட் 16 தவ். பாயிண்ட் இடைவெளி 20 தவ், பிளக் 30 தவ். தீப்பொறி வரிசை 1-3-4-2, டைமிங் 5 டிகிரி முன்னால். பிளக் மாட்டாமல் செல்ஃபைப் பதினைந்து விநாடிக்கு மேல் போகாமல் விட்டு விட்டு அடித்து ஆயில் கேஜ் முள் எழுந்த பிறகே பிளக் மாட்டுங்கள். பெட்ரோல் ஒரு கேனிலிருந்து வரட்டும். டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கும் பழைய டேங்கை இப்போதைக்குத் தொடாதீர்கள். துருவும் பழைய பெட்ரோல் பிசினும் ஒரே நாளில் கார்புரேட்டரை அடைத்துவிடும். டேங்கில் ஓட்டை இருந்தால் வெல்டிங் வைக்க விடாதீர்கள். காலியான டேங்க்தான் வெடிக்கும், நிறைந்த டேங்க் அல்ல.

ஏற்றத்தில் கரும்புகை, பிளக் கரி பிடிக்கிறது. புதிதாக வரும் எத்தனால் பெட்ரோல்தான் காரணமா?
– கொடைக்கானல் வாசகர்

கரும்புகைக்கு எத்தனால் காரணமில்லை. எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் 20 சதவீதக் கலவை எஞ்சினுக்குப் பெட்ரோல் குறைந்தது போலத்தான் இருக்கும், கூடியது போல அல்ல. உங்கள் ஊர் 2,100 மீட்டருக்கு மேலே. காற்று மெலிந்ததால், கீழே சரியாக இருந்த கார்புரேட்டர் மேலே பெட்ரோலை அதிகமாகக் கொடுக்கிறது. உண்மையில் எத்தனால் அதில் ஒரு பகுதியைச் சமன் செய்கிறது.

எனவே வேறு இடத்தில் தேடுங்கள். சோக் கேபிள் பாதியில் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள், பத்தில் பல வண்டிகளில் அதுதான். அடுத்து ஃபுளோட் உயரமும் நீடில் வால்வும், அதற்கடுத்து ஏர் கிளீனர். மெயின் ஜெட்டைச் சிறியதாக மாற்றலாமா என்று கேட்பீர்கள். வண்டி மலையை விட்டே இறங்காது என்றால் ஒரு படி குறைக்கலாம். வாரம் ஒருமுறை வத்தலக்குண்டு சந்தைக்கு இறங்குவதாக இருந்தால் வேண்டாம். கீழே பெட்ரோல் குறைந்த கலவையில் ஓடி எக்ஸாஸ்ட் வால்வு கருகும். டைமிங்கை இரண்டு டிகிரி கூட்டினால் மேலே இழுவை கொஞ்சம் மீளும். கீழே இறங்கும்போது நாக்கிங் சத்தம் கேட்டால் பழையபடி வைத்துவிடுங்கள்.

எத்தனால் கெடுதல் செய்வது வேறு இடத்தில். பழைய ரப்பர் ஹோஸ், பம்ப் டயஃப்ரம், கார்க் கேஸ்கட் எல்லாம் இளகும். டேங்க் துருவைக் கிளப்பும், ஈரத்தை இழுக்கும். எத்தனாலைத் தாங்கும் ஹோஸாகக் கேட்டு வாங்கி மாற்றுங்கள், பழைய பம்ப்புக்குப் புது டயஃப்ரம் கிட் போடுங்கள், இரண்டு மாதம் நிற்கப் போகும் வண்டியில் பெட்ரோலை வடித்து விடுங்கள்.

தெர்மோஸ்டாட்டை எடுத்து எறிந்திருந்தால் திரும்ப மாட்டுங்கள். மலைக் குளிரில் எஞ்சின் சூடாகாமலே ஓடினால் பெட்ரோல் ஆவியாகாது, அதுவும் கரி. ரேடியேட்டர் மூடியின் ஸ்பிரிங்கையும் பாருங்கள். உங்கள் ஊரில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும். மூடி அழுத்தம் பிடிக்காவிட்டால் எஞ்சினில் கோளாறே இல்லாமல் ஏற்றத்தில் தண்ணீர் பொங்கும்.

காபித் தோட்டத்திலிருந்து தார் ரோட்டுக்கு வந்ததும் ஃபோர்வீல் லீவர் இறுகிவிட்டது, விடுபடவில்லை.
– தாண்டிக்குடி வாசகர்

பத்தடி நேராக ரிவர்ஸ் எடுங்கள், விடும். இந்த வண்டியில் முன், பின் ஆக்சிலுக்கு நடுவே டிஃபரென்ஷியல் கிடையாது. சேற்றில் சக்கரம் வழுக்கி வித்தியாசத்தைச் சரிக்கட்டிக்கொள்ளும், தார் ரோட்டில் முடியாது, கியர்கள் ஒன்றையொன்று முறுக்கிக்கொள்ளும். முன்னால் புது டயர், பின்னால் தேய்ந்த டயர் என்று ஓட்டினால் நேர் ரோட்டிலேயே முறுக்கும். லோ கியரும் ஃபோர்வீல் போட்டால்தான் விழும், ஆகவே தார் ரோட்டு இறக்கத்துக்கு லோ கியர் உதவாது. ஹை ரேஞ்சில் இரண்டாவது கியர்தான் உங்கள் பிரேக். இரண்டாவது கியர் இறக்கத்தில் தானாக வெளியே குதித்தால் கியர்பாக்ஸை உடனே காட்டுங்கள், கையால் பிடித்துக்கொண்டு ஓட்ட வேண்டாம்.

கியர்பாக்ஸுக்கு 90 நம்பர் ஆயில், ஜி.எல்.4 தரம், ஏறக்குறைய 1.4 லிட்டர். ஜி.எல்.5 சில வகைகள் பித்தளை ரிங்கை அரிக்கும். முன், பின் ஆக்சிலுக்கு இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்பர் கேஸுக்கு 1.5 லிட்டர், ஆக்சில் ஒவ்வொன்றுக்கும் 1.2.

பூண்டு மூட்டை ஏற்றி நிறுத்திய ஜீப்பின் பின் சக்கரத்துக்கு ஜாக்கி போட்டேன். ஹேண்ட் பிரேக் நன்றாகத்தான் இழுத்திருந்தது. தூக்கியதும் வண்டி உருண்டுவிட்டது. ஹேண்ட் பிரேக் போய்விட்டதா?
– பூம்பாறை வாசகர்

போகவில்லை, அதன் அமைப்பே அப்படி. இந்த ஜீப்பின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிப்பதில்லை. டிரான்ஸ்பர் கேஸுக்குப் பின்னால், பின் ஷாஃப்டில் உள்ள சிறு டிரம்மைத்தான் பிடிக்கிறது. ஷாஃப்ட் நின்றாலும் நடுவில் டிஃபரென்ஷியல் இருக்கிறது. ஒரு பின் சக்கரம் அந்தரத்தில் இருந்தால் அது ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருப்பது மறுபக்கம் சுற்ற, வண்டி போய்க்கொண்டே இருக்கும். பின் ஆக்சில் உடைந்தாலும், ஷாஃப்ட் கழன்றாலும் இதே கதி.

ஜாக்கி போடுமுன் மற்ற சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை, கியரில் போட்டு ஃபோர்வீல் லீவரையும் இழுத்து வைப்பது. சரிவில் சுமையோடு ஜாக்கி போடவே வேண்டாம், மூட்டையை இறக்குங்கள். அந்தச் சிறு டிரம்முக்குள் எண்ணெய் இருந்தால் டிரான்ஸ்பர் கேஸ் பின் ஆயில் சீல் போயிருக்கிறது. சீலை மாற்றாமல் லைனிங்கை மட்டும் மாற்றினால் அடுத்த மாதம் மறுபடி நனையும்.

50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தில் விழுந்தால் ஸ்டியரிங் கையை உதறுகிறது. ஸ்டியரிங் டேம்பர் போட்டால் சரியாகும் என்கிறார்கள்.
– ஊட்டி வாசகர்

டேம்பர் நோயை மறைக்கும், தீர்க்காது. முன் சக்கரங்களைத் தூக்கி ஸ்டாண்டில் வையுங்கள். சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள், ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொள்ளட்டும். பிரேக் மிதித்ததும் ஆட்டம் நின்றால் வீல் பேரிங். நட்டை இறுக முடுக்கி ஆறில் ஒரு சுற்று தளர்த்தி, லாக் தகட்டை மடக்குங்கள். மிதித்தும் ஆடினால் கிங்பின் பேரிங். அதன் மேல் மூடிக்கு அடியில் மெல்லிய ஷிம்கள் இருக்கும், ஆட்டம் போகும்வரை ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். பேரிங் வளையத்தில் ரோலர் பதிந்த வரி விழுந்திருந்தால் ஷிம் எடுத்துப் பயனில்லை, பேரிங்கையே மாற்றுங்கள்.

அடுத்து, முன் கிராஸ் மெம்பரில் உள்ள பெல் கிராங்க். ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வரும் இழுவை இரண்டு டை ராடுக்கும் பிரிவது அங்கேதான், கிரீஸ் காணாமல் முதலில் தேய்வதும் அதுதான். கையால் மேலே தூக்கிப் பாருங்கள், பின் ஆடினால் கிட் வாங்குங்கள். பிறகு டை ராடு முனைகள், ஸ்பிரிங் ஷேக்கில் புஷ். எல்லாம் முடிந்த பிறகு டோ-இன் (முன் சக்கரங்கள் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) 1.2 முதல் 2.4 மில்லிமீட்டருக்குள் வைக்க வேண்டும். ஸ்டியரிங் பாக்ஸ் சேசிஸில் மாட்டியிருக்கும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து விரிசல் பாருங்கள், பெயின்டுக்கு அடியில் அது தெரியாது.

டயரின் உள்பக்கம் எண்ணெய் வழிந்தால் சக்கரத்தை ஒட்டிய உருண்டையின் ஃபெல்ட் சீல் போய்விட்டது. இறக்கத்துக்கு முன் அதைக் கவனியுங்கள், எண்ணெய் பிரேக் லைனிங் வரை போகும்.

துருவைச் சுரண்டி ரெட் ஆக்சைடு அடித்து வைத்தோம். மூன்று மாதத்தில் அடியிலிருந்தே துரு கொப்பளித்துவிட்டது.
– மஞ்சூர் வாசகர்

ரெட் ஆக்சைடு பிரைமர் நுண்துளை உள்ளது. மேலே பெயின்ட் இல்லாமல் மூடுபனியில் வைத்தால் பஞ்சு போல ஈரம் குடிக்கும். வெறும் தகரம் வரை தேய்த்து, துரு நீக்கும் அமிலம் போட்டுக் கழுவி உலர்த்தி, அன்றைக்கே எபாக்ஸி பிரைமர் அடிக்க வேண்டும். மஞ்சூரில் அந்த வேலைக்கு ஜனவரியிலிருந்து ஏப்ரல் தொடக்கம் வரைதான் காலம். நண்பகல் 11 மணியிலிருந்து 3 மணிக்குள் அடியுங்கள். தகரத்தைத் தொட்டால் ஈரம் ஒட்டக் கூடாது. பனி இறங்கும் நேரத்தில் அடித்த பெயின்ட் பால் பூத்தது போல வெளுக்கும், பாலிஷ் போட்டாலும் அது போகாது.

துரு ஆரம்பிக்கும் இடம் மேலே இல்லை. தரைத் தகட்டுக்கு அடியில் குறுக்கே ஓடும் தொப்பி வடிவச் சேனல்களுக்குள் சேறு தங்கி, உள்ளிருந்து தின்கிறது. ஸ்குரூடிரைவரால் குத்திப் பாருங்கள். உள்ளே போனால் அந்தப் பகுதியை வெட்டி 18 கேஜ் தகட்டில் புதிதாக மடித்து வெல்டிங் வைக்க வேண்டும். ஓட்டையின் மேல் ஃபைபரும் பட்டியும் பூசிக்கொடுக்கும் டிங்கரிங் முதல் மழைக்கே விழும். முழு பாடியும் போய்விட்டதென்றால் புது பாடி ஹரியானாவின் மண்டி டப்வாலியில் செய்து விற்கிறார்கள். லாரி வாடகையும், இங்கே வந்ததும் சேசிஸ் துளையோடு பொருந்தாமல் செய்யும் தொல்லையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் அபிப்பிராயம், பழைய பாடியில் பாதி நல்லதாக இருந்தாலே அதைக் காப்பாற்றலாம்.

ஆர்.சி. தாத்தா பெயரில், பெட்ரோல் என்று இருக்கிறது. ஆனால் வண்டியில் டீசல் எஞ்சின். விண்டேஜ் பதிவு வாங்கிவிட்டால் பிரச்சினை தீருமா?
– கோத்தகிரியின் இன்னொரு வாசகர்

தீராது. எஞ்சினையும் எரிபொருளையும் மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவின்படி அனுமதி பெற்று ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். அது இல்லாத வண்டியை ஆய்வுக்குக் கொண்டுபோனால் ஆய்வாளர் திருப்பி அனுப்புவார். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் அது வசதி. தாத்தா அனுமதிக் கடிதம் வாங்கியிருக்கிறாரா என்று பழைய கோப்புகளில் தேடுங்கள். இல்லையென்றால் பெட்ரோல் எஞ்சினைத் தேடி மாட்டுவதுதான் நேர்வழி.

பெயர் மாற்றம்: உரிமையாளர் இறந்த 30 நாளுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தகவல், மூன்று மாதத்துக்குள் படிவம் 31. இறப்புச் சான்றிதழும், தாசில்தார் தரும் வாரிசுச் சான்றிதழும் வேண்டும். மற்ற வாரிசுகள் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும், ஆகவே சித்தப்பா, அத்தைமாரிடம் வண்டியைத் தொடுமுன்பே பேசிவிடுங்கள். வண்டி பளபளவென்று ஆன பிறகு கேட்டால் பதில் வேறாக இருக்கும். காலம் கடந்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம், அபராதம் கட்ட நேரும். பதிவு காலாவதியாகியிருந்தால் படிவம் 25-இல் புதுப்பிப்பு, ஐந்தைந்து வருஷமாகக் கிடைக்கும். தாமதத்துக்கு மாதக் கணக்கில் கூடுதல் கட்டணம், மேலே பசுமை வரி.

விண்டேஜ் பதிவு 2021-இல் வந்த விதி. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத சொந்த வண்டிகளுக்கு. கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும், மறுபதிவு 5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் இறக்கலாம், அன்றாடப் பயன்பாட்டுக்கு அல்ல. இலை மூட்டை ஏற்றி ஃபேக்டரிக்குப் போகும் வண்டிக்கு அது பொருந்தாது, சாதாரணப் புதுப்பிப்பே போதும்.

அலுவலகத்துக்குப் போகுமுன் எண்களைச் சரிபாருங்கள். பெட்ரோல் எஞ்சினின் எண் பிளாக்கின் முன்பக்கம், வாட்டர் பம்ப் உட்காரும் மேட்டில் குத்தியிருக்கும். சேசிஸ் எண்ணின் மேல் கிரைண்டர் வைக்கவோ அமிலம் ஊற்றவோ யாரையும் விடாதீர்கள். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்து, தாளை வைத்துப் பென்சிலால் உரசி எடுங்கள். எழுத்து மங்கலாக வந்தால் இரண்டு நாள் துருநீக்கி ஆயில் தடவி ஊறவிட்டு மறுபடி உரசுங்கள்.